கடலூருக்கு ஒரு மாடி பஸ்

கடலூர்–சிதம்பரம் தடத்தில் மாடி பஸ் விட வேண்டுமென்று அரசை வணங்கிக் கேட்டுக்கொள்கிறேன். புதுசு வேண்டாம். புதுசு கேட்கிற துணிச்சல் தென்னாற்காட்டுக்காரனுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. லண்டனில் ஓடி, அங்கே கழித்துவிட்டு, ஸ்காட்லாந்துக்காரன் வாங்கி ஓட்டி, அவனும் கைகழுவி, இன்றைக்கு ஏதோ ஒரு கொட்டகையில் நிற்கிற கிழட்டு டபுள் டக்கர் ஒன்று கிடைத்தால் போதும். மூன்றாம் கை, நான்காம் கை எல்லாம் எங்களுக்குப் பழக்கம்தான்.

ஆடம்பரத்துக்குக் கேட்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. உயிருக்குப் பயந்துதான் கேட்கிறேன்.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறந்தால் இந்தக் கரையோரத்தில் வானம் பொத்துக்கொள்ளும். அரசு பஸ்ஸுக்குள் பயணி குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் படம் வராதவரை, நம் பத்திரிகைகளைப் பொறுத்தமட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாகவே கணக்கில்லை. மாடி பஸ் வந்தால் இந்தத் தொல்லை பாதியாகிவிடும். மேல்தளத்துக்காரர் நனைவார். கீழ்த்தளத்துக்காரர் உலர்ந்த வேட்டியோடு ஊர் போய்ச் சேர்வார். ஒரே செலவில் பாதிச் சனத்துக்கு ஒழுகாத கூரை! இதைவிடச் சிக்கனமான திட்டம் நிதித்துறைக்கு எங்கே கிடைக்கும்?

அப்புறம் தரை. 2024 பிப்ரவரியில் சென்னை வள்ளலார் நகரிலிருந்து திருவேற்காட்டுக்குப் போன மாநகர பஸ்ஸில், அமைந்தகரை அருகே, காலடிப் பலகை உடைந்து ஒரு பெண் அந்த ஓட்டைக்குள் இறங்கிவிட்டார். பஸ் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கத்திக் கூப்பாடு போட்டு நிறுத்தி, பிடித்துத் தூக்கினார்கள். பிழைத்துக்கொண்டார். இதே பெண் மாடி பஸ்ஸின் மேல்தளத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கீழே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் மடியில் விழுந்திருப்பார். தார் ரோட்டைவிட மடி மெத்தென்று இருக்கும் என்பதை எதிர்க்கட்சிகூட ஒப்புக்கொள்ளும்.

இரண்டு மாதம் கழித்துத் திருச்சியில் இன்னொரு புதுமை. ஓடுகிற நகர பஸ்ஸில் கண்டக்டர் உட்கார்ந்திருந்த சீட்டே கழன்றுகொண்டது. சீட்டும் கண்டக்டரும் சேர்ந்து ரோட்டில் விழுந்தார்கள். பயணி விழுந்தால் அது செய்தி. கண்டக்டரே விழுந்தால் அரசு அசைந்துதானே ஆக வேண்டும்? தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார்: மாநிலத்தில் ஓடும் அத்தனை அரசு பஸ்களையும் 48 மணி நேரத்துக்குள் சோதித்துப் பழுது நீக்க வேண்டும். எட்டுப் போக்குவரத்துக் கழகங்கள், ஏறத்தாழ இருபதாயிரம் பஸ்கள். மணிக்கு நானூறுக்கு மேல் வருகிறது கணக்கு. ஒர்க்‌ஷாப்பில் ஆளில்லை, உதிரிபாகம் இல்லை என்று தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்காகப் புலம்பிவந்ததெல்லாம் வெறும் பொய் என்று அந்த இரண்டு நாளில் நிரூபணமாகிவிட்டது.

இதற்கெல்லாம் பன்னிரண்டு ஆண்டு முன்னால், 2012 ஜூலையில், தாம்பரம் பக்கம் ஒரு பள்ளிப் பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கிச் செத்தது. உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் அதிகாரிகள் பள்ளிப் பஸ்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்திக் குனிந்து பார்த்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வது அதனால்தான். தனியார் பள்ளியின் பஸ்ஸில் தரை இருக்கிறதா என்று பார்க்க விதி எழுதிய அரசு, தன்னுடைய பஸ்ஸில் தரை இருக்கிறதா என்று பார்க்க 2024 வரை பொறுமையாக இருந்திருக்கிறது. உள்ளே மேலே நிமிர்ந்து பார்த்தால் திருக்குறள். கீழே குனிந்து பார்த்தால் தேசிய நெடுஞ்சாலை.

மாடி பஸ் வந்தால் தலைவர்களை வரவேற்கும் அலங்கார வளைவுகளில் இடிக்குமே என்று கட்சிக்காரர்கள் கவலைப்படலாம். வளைவை உயர்த்திக் கட்ட அவர்களுக்கா தெரியாது? வேண்டுமானால் இப்படியும் ஒரு வாதம் வைக்கலாம்: மாடி எதற்கு, உங்கள் ஊர் பஸ்ஸில் இரண்டாம் தளம் ஏற்கெனவே இருக்கிறதே! உண்மைதான். அண்ணாமலை நகரில் கல்லூரி விடும் நேரத்தில் வந்து பாருங்கள். அது மேலே இல்லாமல் பக்கவாட்டில், படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வரும்.

லண்டன்காரன் விவகாரத்துக்கு வருகிறேன். ரூட்மாஸ்டர் என்று அவனிடம் ஒரு மாடி பஸ். 1954-ல் மாதிரி வண்டியைக் காட்டினான். 1968 வரை மொத்தம் 2,876 வண்டி கட்டினான். கனம் குறைந்த அலுமினிய உடம்பு, எப்போதும் திறந்தே இருக்கும் பின்வாசல், உள்ளே நடந்து நடந்து டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர். 1980களில் தலைநகருக்கு வேண்டாமென்று ஆன வண்டிகள் வெளியூர்களுக்குப் போயின. அப்போது தாட்சர் ஆட்சி. 1986 அக்டோபரில் லண்டனுக்கு வெளியே பஸ் தொழிலை யாருக்கும் திறந்துவிட்டார்கள். ஒரே தடத்தில் நாலு கம்பெனி முட்டிக்கொண்டது. ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் பிறந்த ஸ்டேஜ்கோச் மாதிரியான கம்பெனிகள் இந்தக் கிழவண்டிகளை வாங்கி வர்ணம் பூசித் தெருவில் இறக்கின. பின்வாசலில் சனங்கள் சட்டென்று ஏறி இறங்கிவிடுவதால் அவை அடுத்தவன் வண்டியை முந்திக்கொண்டு போயின. தலைநகரில் எஞ்சியவை அங்கேயே 2005 டிசம்பர் 9 வரை வழக்கமான தடத்தில் ஓடின.

ஐம்பதுகளில் பிறந்த வகை வண்டி அத்தனை காலம் ஓடியது எப்படி என்பதற்கு விடை, ஆல்டன்ஹாம் என்ற பெயரில் இருந்த ஒர்க்‌ஷாப். சில ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு பஸ்ஸும் அங்கே போயாக வேண்டும். உடம்பை அப்படியே தூக்கித் தனியே வைப்பார்கள். அடிப்பாகத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றுவார்கள். தேய்ந்ததை மாற்றி, துருவைச் சுரண்டி, மறுபடி பூட்டுவார்கள். உள்ளே போன உடம்பும் அடிப்பாகமும் வெளியே வரும்போது ஜோடி மாறிக்கூட வரும். அப்படி வளர்ந்த பஸ்ஸைத்தான் வெளியூர்க்காரன் பழையது என்று வாங்கினான். அவன் வாங்கியது பழைய பஸ். நாம் ஏறுவது பழுதான பஸ்.

ரூட்மாஸ்டருக்கு முந்திய தலைமுறை வண்டிகள் கடல்தாண்டி நம் பக்கத்திலேயே வந்து இறங்கின. ஆர்.டி. என்று பெயர். 1958 ஜனவரி முதல் தேதி இலங்கை அரசு தனியார் பஸ்களையெல்லாம் எடுத்துக்கொண்டு இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தது. லண்டன் கழித்துப்போட்ட ஆர்.டி. மாடி பஸ்கள் நூற்றுக்கணக்கில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தன. வெள்ளைக்காரனிடமிருந்து விடுதலை வாங்கிப் பத்தாண்டில் அவனுடைய பழைய பஸ்ஸையே காசு கொடுத்து வாங்கியது வேடிக்கைதான். ஆனாலும் ஏழை நாடு போட்ட கணக்கில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வண்டி உறுதியாக இருந்தது.

நம் சென்னையிலும் மாடி பஸ் ஓடியது. அசோக் லேலண்ட் 1967-ல் டைட்டன் என்ற மாடி பஸ் சேசிஸைக் கொண்டுவந்தது. பல்லவன் போக்குவரத்துக் கழகத்தின் காலத்திலும் அதற்குப் பின்னும் மாடி பஸ் விட்டு விட்டு வந்தது; பாரிமுனைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 18ஏ தடத்தில் மேல்தளத்து முன்சீட்டைப் பிடிக்கப் பிள்ளைகள் அடித்துக்கொண்டன. 2008-ல் அதையும் நிறுத்தினார்கள். பம்பாய்க்காரன் 1937-ல் தொடங்கினான். கடைசி டீசல் மாடி பஸ்ஸை 2023 செப்டம்பர் 15 அன்று அலங்கரித்து, கூட்டம் கூடி, கையசைத்து வழியனுப்பினான். கேரளாக்காரன் ஒரு மாடி பஸ்ஸுக்குக் கண்ணாடி போட்டு 2025-ல் மூணாறு மலையில் சுற்றுலாவுக்கு விட்டுக் காசு பார்க்கிறான். கடலூர் வரைக்கும் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு அந்த பஸ்ஸின் மேல் இரக்கம் வந்துவிடுகிறது.

ஏனென்றால் இங்கே ஒரு பஸ்ஸுக்கு வயதாகிற விதமே வேறு. பிறக்கும்போது அது ராஜா. மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, அமைச்சர் கொடியசைத்து, ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு, தொலைதூரத் தடத்தில் விடுவார்கள். கொஞ்சம் தேய்ந்ததும் மொஃபசல். மொஃபசலில் இன்னும் தேய்ந்ததும், சீட்டைக் குறைத்துக் கம்பியைக் கூட்டி டவுன் பஸ். டவுன் பஸ்ஸிலும் பிரேக் டவுன் கூடிப்போனால் டெப்போவின் கடைசித் தடத்துக்கு, ஒரு நாளைக்கு நாலு சிங்கிள் போகிற ஊருக்கு அனுப்புவார்கள். கிள்ளை, பரங்கிப்பேட்டை, சாமியார்பேட்டை என்று கடலோரமாகவே போகும் தடங்களைப் பாருங்கள். இரும்பை உப்புக்காற்று சும்மா விடாது. புது வண்டியே அங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். அந்த ஊர்களுக்குத்தான் நன்றாக உழைத்த தரையும் தளர்ந்த தகரமும் உள்ள வண்டி தேவை என்று யாரோ ஒரு மேதை முடிவு செய்கிறான். பஸ்ஸுக்கு வயது ஏற ஏற, அதில் ஏறுகிறவரின் வருமானம் இறங்கிக்கொண்டே வரும். நம்பர் பிளேட்டில் டிஎன் 32 என் என்று இருந்தால் விழுப்புரம் கழகத்து வண்டி. அடுத்து வரும் எண்ணைப் பார்த்தால் எந்தக் காலத்தில் பதிவானது என்று விஷயம் தெரிந்தவர்கள் ஓரளவு சொல்லிவிடுவார்கள். அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் அரசு உங்களை எந்த வரிசையில் வைத்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

ரோடு மட்டும் புதுசு. விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை நாலு வழிச் சாலை. சிதம்பரத்துக்கு முன்னால் கொத்தட்டையில் சுங்கச்சாவடி. 2024 டிசம்பரில் அதைத் திறந்தபோது கட்டணம் கட்டுப்படியாகாது என்று தனியார் பஸ் முதலாளிகள் கொதித்தார்கள். ரோட்டுக்கு வரி, டீசலுக்கு வரி, டயருக்கு வரி, எல்லாம் புத்தம்புதிய விலையில். பஸ் மட்டும்தான் பழைய விலைக்குப் பொருத்தமான பஸ்.

இந்த இடத்தில் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம், சந்தேகமே வேண்டாம். வீட்டு வேலைக்கும், கடைவேலைக்கும், நூறு நாள் வேலைக்கும், ஆஸ்பத்திரிக்கும் போகிற பெண்கள் மாதாமாதம் மிச்சப்படுத்துகிற காசு பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமாக மாறியிருக்கிறது. ஆனால் கட்டணமில்லாத பஸ் எது என்று பாருங்கள். வெள்ளை போர்டு பஸ். வரிசையின் கடைசிப் படியில் நிற்கிற பஸ். இலவசம் என்று எழுதிய சலுகைக்கு இப்படி ஒரு வால் ஒட்டியிருக்கிறது. அதையும் நினைவூட்ட ஆள் இல்லாமலா? 2022 செப்டம்பரில் அமைச்சர் பொன்முடி ஒரு மேடையில், பஸ்ஸில் எல்லாம் ஓசியில்தானே போகிறீர்கள் என்கிற தோரணையில் பெண்களைப் பார்த்துப் பேசினார். கண்டனம் கிளம்பியது. அவர் 1996-லிருந்து போக்குவரத்துத் துறை அமைச்சராக இருந்தவர். இங்கே பஸ் விடும் கழகத்தின் தலைமையகம் இருக்கிற விழுப்புரத்துக்காரர். அந்தப் பெண்களுக்கு எந்த வயது பஸ் போகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை. இவர்கள் சீட்டுக்கான காசை அரசு தன் கஜானாவிலிருந்து கழகத்துக்குக் கொடுக்கிறது. கஜானா இவர்கள் கட்டும் வரியில் நிரம்புகிறது. இதில் ஓசி யார்?

வண்டி தேய்ந்தால் வண்டியை மாற்றுவது ஒரு முறை. வயது வரம்பை மாற்றுவது இன்னொரு முறை. இத்தனை ஆண்டு அல்லது இத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடினால் கண்டம் செய்யலாம் என்றிருந்த வரம்பை நம்மவர்கள் காகிதத்தில் உயர்த்தினார்கள். ஒரே கையெழுத்தில் ஆயிரக்கணக்கான பஸ்களுக்கு இளமை திரும்பியது. சித்த வைத்தியத்தில்கூட இவ்வளவு வேகமான காயகல்பம் கிடையாது. மத்திய அரசுதான் நடுவில் புகுந்து கெடுத்தது: 2023 ஏப்ரல் 1 முதல், பதினைந்து ஆண்டு ஆன அரசு வாகனங்களின் பதிவு செல்லாது என்று விதி போட்டது. போக்குவரத்துக் கழக பஸ்களும் அதில் அடக்கம். பதினைந்து ஆண்டா என்று நாடெங்கும் மாநிலங்கள் பதறிப்போய் அவகாசம் கேட்டன. பதினைந்து வயது பஸ் இத்தனை இருக்கிறதா என்று யாரும் பதறவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் மஞ்சள் பஸ்கள் வந்தன. ஓடுகிற சேசிஸை வைத்துக்கொண்டு, அழுகிப்போன உடம்பைக் கழற்றி எறிந்து, புதுக் கூண்டு கட்டி மஞ்சள் பூசினார்கள். உள்ளபடியே சொல்கிறேன், இது நல்ல வேலை. ஆல்டன்ஹாமில் செய்தது இதன் தாத்தா. ஆனால் ஆல்டன்ஹாமில் எந்த பஸ் வெளியே வந்தாலும் யாரும் ரிப்பன் வெட்டவில்லை. அங்கே அது வாராவாரம் நடக்கிற காரியம். இங்கே அது ஒரு சாதனை. அரசியலில் பராமரிப்புக்கு ஓட்டு விழாது, பெயின்ட்டுக்கு விழும் என்கிற நம்பிக்கை இரண்டு பெரிய கட்சிக்கும் பொது. தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்று இங்கே ஓடிய பஸ்களில், 1997-ல் சாதிக் கலவரத்துக்குப் பிறகு, மற்ற கழகங்களின் தலைவர் பெயர்களோடு அந்தப் பெயரையும் அழித்தார்கள். அப்புறம் ஆட்சிக்கு ஒரு நிறம். 2018 ஜனவரி 20-ல் கட்டணத்தை ஒரேயடியாக உயர்த்தினார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கொஞ்சம் குறைத்தார்கள். தரம் உயரத்தான் கட்டணம் உயர்ந்தது என்றார்கள். மேலே சொன்ன ஓட்டையும் சீட்டும் அதற்குப் பிறகு நடந்தவை.

சிதம்பரத்துக்காரர்களுக்குப் பழைய வண்டியைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். மார்கழித் திருவாதிரைக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை நடராசர் தேர் நான்கு வீதியையும் சுற்றி வருகிறது. தேர் பழசு. ஆனாலும் ஓடுவதற்கு முன்னால் சக்கரம் தட்டிப் பார்க்கப்படும், அச்சு பார்க்கப்படும். தமிழ்நாட்டில் எந்தத் தேர் ஓடினாலும் பொதுப்பணித் துறைப் பொறியாளர் உறுதிச்சான்று கொடுக்க வேண்டும். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசிப் பதினோரு பேர் செத்தபிறகு இந்தக் கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது. மனித நடையைவிட மெதுவாக, ஒரு நாள் முழுக்க நாலே வீதி போகிற வாகனத்துக்கு இவ்வளவு. அதே கீழவீதியைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். நாளெல்லாம் நெடுஞ்சாலையில் பறக்கிற வாகனம் நிற்கிறது. அதற்கும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று உண்டு. கழகத்தின் பஸ்ஸை அரசின் அதிகாரி சோதித்து அரசுக்கே சான்று தருவார். ஆண்டவன் தேருக்குக்கூட இப்படி ஒரு சலுகை கிடையாது. கோயில் ஒரு பக்கம், பொறியாளர் ஒரு பக்கம்.

தனியார் பஸ்ஸை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 2023 ஜூன் 19 அன்று கடலூர்–பண்ருட்டி சாலையில் மேல்பட்டாம்பாக்கத்தில் இரண்டு தனியார் பஸ்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்றின் முன்டயர் வெடித்ததுதான் தொடக்கம். முன்டயரில் கை வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகும். டைமிங்கில் அந்த ஒரு நிமிஷம் கிடையாது. பின்னால் வருகிற பஸ்காரன் கலெக்‌ஷனை அள்ளிவிடுவான். இந்தப் போட்டிக்குத் தாட்சர் வர வேண்டியிருக்கவில்லை. நாமே செய்துகொண்டோம்.

விபத்து நடந்த பிறகு நடப்பதுதான் இந்த ஊர் அங்கதத்தின் உச்சம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 146-வது பிரிவில் ஒரு கதவு உண்டு. சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் தனியாக ஒரு நிதி வைத்துக்கொண்டால் இன்சூரன்ஸ் எடுப்பதிலிருந்து அரசு விலக்குத் தரலாம். நம் கழகங்கள் அந்தக் கதவு வழியாக வெளியே வந்தவை. உங்கள் ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால் முச்சந்தியில் மடக்கி அபராதம் போடுவார்கள். ஐம்பது பேரை ஏற்றிப் போகும் பஸ்ஸுக்கு அது கேட்கப்படாது. அடிபட்டவர் தீர்ப்பாயத்துக்குப் போவார், வருஷக்கணக்கில் நடப்பார், இழப்பீடு கொடு என்று தீர்ப்பு வரும், கழகம் கொடுக்காது. மறுபடி மனு. கடைசியில் நீதிமன்ற அமீனா பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து, கிளம்பத் தயாராக நிற்கிற ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி, ஜப்தி என்று நோட்டீஸ் ஒட்டுவார். இடித்த பஸ் அதுவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். பஸ் கோர்ட் வளாகத்துக்குப் போய் மரத்தடியில் நிற்கும். அமீனாவைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது. காலை இழந்தவருக்குச் சேர வேண்டிய பணத்துக்கு ஈடாக, காயலான் கடைக்காரன் மூக்கைச் சுளிக்கிற தகரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாரே! தமிழ்நாட்டில் ஒரு பழைய அரசு பஸ்ஸுக்கு இரவு முழுவதும் ஓய்வு கிடைக்கிற இடம் நீதிமன்றம் ஒன்றுதான்.

ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஓய்வும் இல்லை. சிதம்பரத்திலிருந்து தெற்கே போனால் தரங்கம்பாடியைத் தாண்டிப் பொறையார். 2017 அக்டோபர் 20 விடியற்காலையில், அங்கே டெப்போவின் ஓய்வறையில் தூங்கிக்கொண்டிருந்த ஓட்டுநர்களும் கண்டக்டரும் மேல்கூரை இடிந்து விழுந்து செத்தார்கள். எட்டுப் பேர். கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தது. அந்த எட்டுப் பேரும் முந்தின நாள் இரவு வரை சனங்களை ஏற்றிக்கொண்டு ஓடியவர்கள்; விடிந்ததும் மறுபடி வண்டி எடுக்க வேண்டியவர்கள். பஸ்ஸின் கூரை ஒழுகுகிறது என்று நாம் குடை பிடிக்கிறோம். அவர்களுக்கு எதைப் பிடிப்பது? வண்டியை வயதுக்கு மேல் ஓட்டுகிறார்கள், மனிதர்களை வயது வந்ததும் அனுப்பிவிட்டுக் காசு தருவதில்லை. 2024 ஜனவரியில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஓய்வுபெற்றவர்களின் நிலுவை அகவிலைப்படி முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. முப்பது ஆண்டு கியர் போட்டுத் தோள் இறங்கிப்போன மனிதர் தன் காசுக்காகப் பேரணியில் கொடி பிடித்து நின்றார். ஆகவே டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் மீது என் கோபம் இல்லை. சீட் கழன்றால் டெப்போக்காரர்மீது நடவடிக்கை பாய்கிறது. போல்ட்டு வாங்கப் பணம் ஒதுக்காத நாற்காலி எங்கேயும் கழன்று விழுவதில்லை.

ஒரு காரியம் செய்யலாம். கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், விருத்தாசலம், காட்டுமன்னார்கோவில், திட்டக்குடி என்று மாவட்டத்தில் டெப்போக்கள் இருக்கின்றன. உங்கள் டெப்போவில் ஒவ்வொரு பஸ்ஸும் எந்த ஆண்டு பதிவானது, இதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடியது, கடைசி எஃப்.சி. என்றைக்கு, இப்போது எந்தத் தடத்தில் போகிறது என்ற நான்கு விவரங்களையும் கேளுங்கள். பஸ் ஸ்டாண்டில் கண்ணில் படுகிற இடத்தில் அந்தப் பட்டியலை மாட்டச் சொல்லியும் கேளுங்கள். திங்கட்கிழமைகளில் கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள். அங்கே போக முடியாதவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, விழுப்புரத்தில் உள்ள கழகத் தலைமை அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் அனுப்பலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. முப்பது நாளுக்குள் அவர் பதில் தந்தாக வேண்டும்.